கல் இருந்த குழி

அடி அண்ணாமலை
14-8-1980

சந்திராவுக்கு ரேணுகா எழுதுவது.

நீ போய் நாலு மாசம் முடிந்துவிட்டது. சௌக்கியமா என்று கேட்க எனக்கு முகமில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அண்ணனுக்கு நானும் தம்பிக்கு நீயுமாக ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டோம். பாகம் பிரிந்து அடுப்பு இரண்டானபோதும் தோட்டம் ஒன்றாகத்தான் இருந்தது. இப்போது மலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டவுனில் நீ. நாலு மைல் தூரத்துக்கு இன்லண்ட் லெட்டர் வாங்க வேண்டியிருக்கிறது.

இதை உன் பக்கத்துப் போர்ஷன் காசியம்மாள் பேருக்குப் போடுகிறேன். நீ பதில் எழுதினால் அனுப்புநர் இடத்தில் என் அக்கா எல்லம்மாள், போளூர் என்று எழுது. என் பிறந்த வீட்டுக் கடுதாசி என்றால் உங்க மாமா தொடக்கூட மாட்டார்.

தோட்டத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். நடுவில் முள்வேலி அடித்தாகிவிட்டது. உன் பக்கத்துக் கத்தரிப் பாத்தி என் கண்ணெதிரே வாடுகிறது. இரண்டு நாள் வேலிக்கு மேலே கையை நீட்டிச் சொம்பால் ஊற்றினேன், முழங்கையெல்லாம் கிழிசல். மூன்றாம் நாள் அவர் பார்த்துவிட்டார். "அவன் செடிக்கு நீ இன்னாத்துக்குத் தண்ணி ஊத்தறே?"ன்னு ஒரே சத்தம். என் பக்கம் அவரைக்கொடி பந்தலுக்கு ஏறிவிட்டது. புடலைக்குக் கல் கட்ட ஆளில்லை. நீ நெட்டை, நீதானே கட்டுவாய். எல்லாம் கோணிக்கொண்டு தொங்குகின்றன.

இதற்காக நான் எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலில் என்ன நடந்தது என்று தம்பி வேடியப்பன் உன்னிடம் சொன்னானா? கோர்ட்டில் கேஸ் ஒரு பக்கம் நடக்கட்டும், எல்லைக்கல்லைப் பிடுங்கியது யார் என்று சாமி முன்னால் தெரிந்துவிடட்டும் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அண்ணனும் கற்பூரம் அணைத்தார், தம்பியும் அணைத்தான். எரிகிற கற்பூரத்தின்மேல் கையை வைத்து, "என் வீட்டு ஆளுங்க யார் அந்தக் கல்லைத் தொட்டிருந்தாலும் என் வம்சம் விளங்காம போகட்டும்" என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்திரா, அந்தக் கல்லைப் பிடுங்கியது நாம்தானே.

ரேணுகா


திருவண்ணாமலை
22-8-1980

அக்கா,

ஆமாம், நாம்தான். நான் ஒரு நாள்கூட மறக்கவில்லை. நீங்கள் இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள்.

எழுபத்தைந்து ஆடி. இவர்கள் இரண்டு பேரும் மாடு வாங்கப் போயிருந்தார்கள். கிணற்றிலிருந்து வாய்க்கால் நேராகப் போகாமல் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போகிறது, பாதித் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுகிறது என்று புலம்பியது நீங்கள். கடப்பாரையை எடுத்தது நான். மேலே கூட்டல் குறி போட்ட பக்கத்தைக் கீழே கவிழ்த்துக் குடம் வைக்கக் கிணற்றடியில் போட்டோம். கல் இருந்த குழியில் மண் பொலபொலவென்று இருக்கிறது என்று கறிவேப்பிலைக் கன்றை நட்டீர்கள். ஐந்து வருஷமாக ஆம்பிளைகள் யாருக்கும் கல் காணோம் என்றே தெரியவில்லை. அவர்கள் தோட்டத்துக்கு வருவது கை கழுவத்தானே.

மாமா மோட்டார் போட ஆசைப்படாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது. பாகப் பத்திரத்தில் கல்லுக்குக் கிழக்கே அண்ணன், மேற்கே தம்பி என்று இருக்கிறது. அந்தக் கறிவேப்பிலை மரத்துக்குக் கிணறு மேற்கேதானே? எங்கள் பக்கத்துக் கிணறு. மாமா இல்லை என்கிறார். கல்லை இவர் பிடுங்கிவிட்டார் என்கிறார். இவர், அண்ணன்தான் பிடுங்கினான் என்கிறார். அந்தச் சண்டையில் மண்வெட்டிக் காம்பால் இவர் தலையில் வாங்கிய அடிக்கு நாலு தையல்.

இங்கே ஒரு ரூம். குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான். இவர் ரைஸ் மில்லில் மூட்டை எண்ணுகிறார். எண்ணெய் டின் ஒன்றில் மண் போட்டு இரண்டு மிளகாய்ச் செடி வைத்திருக்கிறேன். அதுதான் என் தோட்டம்.

இன்னொன்றும் உண்டு, வேறு யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மூன்று மாசம். எட்டு வருஷம் கழித்து. இந்த நேரத்தில் இவர் வம்சத்தின்மேல் கற்பூரம் அணைத்துவிட்டு வந்து, என்னிடம் பெருமையாகச் சொல்கிறார்.

அக்கா, சொல்லிவிடலாம். நான் மட்டும் சொன்னால் உங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்பார் இவர். நீங்கள் மட்டும் சொன்னால் மாமாவும் அப்படியே சொல்லுவார். ஒரே நாளில், ஒரே வேளையில், அங்கே நீங்கள், இங்கே நான். எந்த நாள் என்று நீங்களே குறியுங்கள்.

சந்திரா


அடி அண்ணாமலை
10-9-1980

சந்திரா,

உன் கடிதத்தைப் கொதிக்கிற பானைக்கு எதிரே நின்று படித்தேன். மூன்று மாசம் என்று படித்ததும் உலையில் அரிசி போட மறந்தேன். உன்னைப் பார்க்க வர வேண்டும், புளிப்பாக ஏதாவது செய்து கொடுக்க வேண்டும், ஒன்றுக்கும் வழியில்லை. பஸ் ஏறினால் இந்த ஊரில் எந்தக் கண்ணுக்குத் தப்ப முடியும்?

சாம்பலில் புரட்டி வைத்த அவரை விதை பத்து, ஒரு பொட்டலம் கட்டிச் சந்தைக்கு வந்த உன் காசியம்மாளிடம் கொடுத்தேன். டின்னிலேயே போடு. தண்ணீர் ஜாஸ்தி ஊற்றாதே.

நாள் குறிக்கச் சொன்னாய். குறிக்கலாம். ஆனால் கஸ்தூரிக்கு வரன் வந்திருக்கிறது. பையன் கூட்டுறவு சொசைட்டியில் வேலை. இந்த நேரத்தில் பெண்ணின் அம்மாதான் கல்லைப் பிடுங்கினாள், அப்பன் பொய்ச் சத்தியம் பண்ணினான் என்று ஊர் பேசினால் அவர்கள் அடுத்த தெருவில் பெண் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. சத்தியம் அவள் தலைக்கும்தானே வந்திருக்கிறது? எனக்கு மட்டும் பயம் இல்லையா?

கடப்பாரையை எடுத்தது நீதான் என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் சொல்லிக்காட்டவில்லை. கொஞ்சம் பொறு.

ரேணுகா


திருவண்ணாமலை
28-11-1980

அக்கா,

இரண்டரை மாசமாகப் பொறுத்தேன். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

தீபத்தன்று மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். மேலே ஏற்றிய ஜோதி அங்கேயும் தெரிந்திருக்கும். நீங்கள் தோட்டத்தில் நின்றிருப்பீர்கள், கிணற்றடியில், அந்தக் கல்லின்மேல் அகல் வைத்திருப்பீர்கள். வருஷா வருஷம் அங்கேதானே வைப்போம். எல்லாரும் அரோகரா என்று கும்பிட்டார்கள். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும், ஒப்புக்கொள்ள வேண்டியவரிடம் ஒப்புக்கொள்ளாமல் மலையிடம் ஒப்புக்கொண்டு என்ன ஆகும்?

குழந்தை நன்றாக உதைக்கிறது. உதைக்கிறபோதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், பயம்தான் வருகிறது. இவர் என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "நான் நாயமா நின்னேன், அதான் சாமி கண்ணைத் தொறந்துட்டாரு" என்கிறார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அவரை விதை முளைத்தது. பத்தில் ஏழு.

நாள் சொல்லுங்கள் அக்கா. இல்லை, முடியாது என்றாவது சொல்லுங்கள்.

சந்திரா


அடி அண்ணாமலை
5-12-1980

சந்திரா,

கோபப்படாதே. எழுத உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வேலை வருகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

கஸ்தூரிக்கு நிச்சயமாகிவிட்டது. தை பதினைந்து கல்யாணம். தட்டு மாற்றும்போது உன் இடத்தில் யாரோ ஒருத்தி நின்றாள். நான் பந்தலுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

தை முடியட்டும். மாசி பிறக்கிற அன்றைக்கு நான் உங்க மாமாவிடம் சொல்கிறேன். நீயும் அன்றைக்கே சொல். கஸ்தூரிமேல் ஆணை. இதற்குமேல் என்னை நெருக்காதே. உனக்கும் அதற்குள் நல்லபடி பிறந்துவிடும், பச்சைப் பிள்ளை முகத்தைப் பார்த்தால் வேடியப்பனுக்கும் கோபம் கம்மியாகும்.

கறிவேப்பிலை இந்த வருஷம் நம் தலைக்கு மேலே போய்விட்டது. வேலியை அதை ஒட்டித்தான் போட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமலே சரியான இடத்தில் போட்டிருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், கிணறு தன் பக்கம் வரும்படி கிணற்றுக்கு அந்தப் பக்கமும் ஒரு வேலி அடித்துவிட்டார்.

ரேணுகா


திருவண்ணாமலை
12-2-1981

அக்கா,

நாளைக்கு மாசி பிறக்கிறது.

திங்கட்கிழமை காலையில் பிறந்தான். ஆண் பிள்ளை. அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டது, யார் கையிலும் இல்லை என்று நர்சம்மா சொன்னார்கள். நல்ல மனசு அவர்களுக்கு. முகத்தைத் துடைத்து என்னிடம் ஒருதரம் காட்டினார்கள். மாமா மூக்கு.

அடி அண்ணாமலையிலிருந்து மில்லுக்கு வருகிறவர்கள் இவரிடம் பேசுவதில்லையாம். கற்பூரம் யார் பொய்யன் என்று காட்டிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். நேற்று சாயந்திரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் அந்தக் கல்லைத் தொடலையே சந்திரா, சத்தியமா தொடலையே" என்று குழந்தை மாதிரி அழுதார். என்னைப் பார்த்துக் கேட்கிறார், நான் என்ன தப்பு பண்ணேன் என்று.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. இப்போது சொன்னால் பிள்ளையைக் கொன்றது நான்தான் என்று ஆகிவிடும். இனி நான் எந்த நாளும் சொல்ல மாட்டேன்.

கஸ்தூரி கல்யாணம் நன்றாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன். இருநூறு பேருக்கு இலை போட்டீர்களாமே.

சந்திரகலா


அடி அண்ணாமலை
20-2-1981

சந்திரா, என் தாயே,

உன் கடிதம் வந்த அன்று மாசி பிறந்திருந்தது. படித்துவிட்டு எழுந்து நேராகக் கிணற்றடிக்குப் போனேன். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடப்பாரை, வாய்க்கால், கறிவேப்பிலை, எல்லாம்.

அவர் காலைத் தேய்த்துக்கொண்டே, "தெரியும்"னார்.

எனக்குப் புரியவில்லை. "இதுமேலதான் தினம் காலை வெச்சிக் கழுவறேன். போன வருசம் கல்லு ஆடுச்சின்னு பெரட்டிப் போட்டேன், அப்பவே குறியப் பார்த்துட்டேன்"ன்னார். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே பார்த்திருக்கிறார். பிறகு எப்படிக் கற்பூரம் அணைத்தீர்கள் என்று கேட்டேன். கிணறு இல்லாவிட்டால் நிலம் என்னத்துக்கு ஆகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பொய் என்று தெரிந்தே, கஸ்தூரியை வீட்டில் வைத்துக்கொண்டே, கையை நெருப்பில் வைத்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கஸ்தூரி போன வாரம் மாப்பிள்ளையோடு வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஒன்றும் தெரியாமல் அணைத்தவன் வீட்டில் பிள்ளை போய்விட்டது. எந்தச் சாமியிடம் போய் இதைக் கேட்பது?

நான் அன்றைக்கே, நீ நாள் கேட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் என்று நினைக்கிறேன். அப்போதும் அவர் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நீ உன் வீட்டில் சொல்லிவிட்டு, பயமில்லாமல் உன் பிள்ளையைச் சுமந்திருப்பாய். அந்த ஆறு மாசத்தை உன்னிடமிருந்து எடுத்தவள் நான்.

மறுநாள் கறிவேப்பிலையை வெட்டினார். வேரோடு தோண்டி, குழியை மேவி, மேலே எருவைக் கொட்டினார். கல்லை உருட்டிக் கிணற்றில் தள்ளினார். ஊரே நம்ம பக்கம் திரும்பிவிட்டது, இனிமேல் வாயைத் திறந்தால் போளூரிலேயே போய்க் கிட என்றார். உன் பிள்ளை போனதை அவர் லாபமாகச் சொல்கிறார் சந்திரா. அந்த ஆளுக்குத்தான் நான் இருபது வருஷமாகச் சோறு போட்டேன்.

வெட்டிய கிளைகளை முற்றத்தில் போட்டிருக்கிறார். தெருவே வந்து உருவிக்கொண்டு போகிறது. வீடெல்லாம் அந்த வாசனை, சாப்பிட முடியவில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். நான் ஒன்று செய்யப் போகிறேன்.

ரேணுகா


(போஸ்ட் கார்டு)

அனுப்புநர்: ரா. ரேணுகாம்பாள், அடி அண்ணாமலை
பெறுநர்: வேடியப்பன், சின்னக்கடைத் தெரு, திருவண்ணாமலை
23-2-1981

தம்பி வேடியப்பனுக்கு அண்ணி எழுதுவது. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் கார்டில் எழுதுகிறேன். பாகக் கல்லைப் பிடுங்கியது நான். 1975 ஆடியில், நான் ஒருத்தியே பிடுங்கினேன். சந்திரா அன்றைக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கல் இருந்தது கறிவேப்பிலை மரம் இருந்த இடத்தில். கிணறு உன்னுடையது. கல் அந்தக் கிணற்றுக்குள்ளேயே கிடக்கிறது. உன் வீட்டு ஆள் யாரும் தொடவில்லை. நீ அணைத்த கற்பூரம் சத்தியம். பிள்ளை போனதற்கு நீ காரணமில்லை.

ரேணுகாம்பாள்


திருவண்ணாமலை
17-6-1981

அக்கா,

முதல் தடவையாக உங்களுக்குப் போளூர் என்று உண்மையாகவே விலாசம் எழுதுகிறேன். நான்கு மாசமாக நீங்கள் எல்லம்மாள் அக்கா வீட்டில் இருப்பதாகவும் கஸ்தூரி வந்து பார்க்கவில்லை என்றும் காசியம்மாள் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்.

கார்டை இவர் வாசலில் நின்று படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்து, "பார்த்தியா, நம்ம வூட்டு ஆளு தொடலை" என்றார். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். மில்லில் எல்லாரிடமும் படித்துக்காட்டினார். இப்போது பேசுகிறார்களாம்.

எனக்காக நீங்கள் எழுதிய பொய் அவரைப் பிழைக்க வைத்துவிட்டது. அதனால் நான் இனி சாகிறவரைக்கும் அந்தப் பொய்க்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு நாள் சொல்லிவிடலாம் என்ற நினைப்பாவது இதுவரை இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டீர்கள். நல்லதுக்குத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வலிக்கிறது.

கேஸ் முடியவில்லை. கார்டுக்கு நம்பர் போட்டு ஃபைலில் வைத்துவிட்டார்கள். புருஷனிடம் சண்டை போட்டுக்கொண்டு போன பொம்பளை எழுதியது செல்லாது என்று மாமா தரப்பில் சொல்கிறார்கள். கிணற்றை இறைத்துப் பார்க்கச் சொல்லி எங்கள் வக்கீல் கேட்டார். அதற்கு முன்பே கிணற்றில் மண் கொட்டித் தூர்த்துவிட்டாராம் மாமா. யாருக்கும் கிணறு இல்லை, ஆனால் கேஸ் இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்கிறார்கள்.

உங்களுக்குச் சம்மன் வந்திருக்கும். வருகிற 29ஆம் தேதி. எனக்கும் அன்றைக்குத்தான்.

அவரை டின்னில் நன்றாகத்தான் வந்தது. பந்தல் போட இடமில்லாமல் கொடி காசியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. சுவர் பாழாகிறது என்று வீட்டுக்காரர் அறுத்துவிட்டார். அதற்குள் ஒரே ஒரு காயை முற்ற விட்டிருந்தேன். அதில் நாலு விதை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அங்கே கொஞ்சம் மண்ணாவது இருக்கும்.

நம் கடிதங்களை எல்லாம் எரித்துவிடச் சொல்லி வக்கீல் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. நானே எரிக்க வேண்டும். நேற்று அடுப்பு வரைக்கும் கொண்டு போனேன், மறுபடியும் பெட்டியில் வைத்துவிட்டேன். நீங்களாவது எரித்துவிடுங்கள். இதற்குப் பதில் வேண்டாம்.

பதினாலு மாசம் கழித்து உங்களைப் பார்க்கப் போகிறேன். வராந்தாவில் என்னைப் பார்த்தால் கிட்டே வந்துவிடாதீர்கள், சிரித்துவிடாதீர்கள். நான் கூண்டில் நிற்கும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டாம், என்னால் தாங்க முடியாது. இந்த அம்மாவுக்கும் உனக்கும் பேச்சு உண்டா என்று முதலில் கேட்பார்களாம். அந்தக் கார்டு நாம் பேசி வைத்து எழுதியதல்ல என்று நிரூபிக்க வேண்டுமாம். இல்லை, எனக்கும் இவர்களுக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதே இல்லை என்று சொல்லும்படி வக்கீல் சொல்லியிருக்கிறார். தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று தினம் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது நன்றாக வந்துவிட்டது.